வேகம் எழுதாத தட்டு

ரெக்கார்டுக் கடைக்காரர் எங்க இசைத்தட்டைப் பிளேயர்ல வச்சு ஊசியை இறக்கினார். அஞ்சு விநாடி வெறும் இரைச்சல். அப்புறம் எங்க அக்கா பேசினா.

அக்கா மாதிரி யாரோ இல்ல, அக்காவேதான். அன்னைக்குக் காலையில ‘என் குடையை எங்கடி தூக்கிப் போட்டே’ன்னு என்னைத் திட்டின அதே குரல். பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மூக்கை ஒரு தடவை உறிஞ்சுவா, அதுவும் அப்படியே கேட்டுச்சு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.

“நிறுத்துங்க”ன்னேன்.

“இரும்மா, இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கு.”

“நிறுத்துங்கன்னு சொல்றேன்ல!”

அவர் நிறுத்துற வரைக்கும் எனக்குப் பொறுமை ஏது? நானே எட்டி ஊசியைத் தூக்கிட்டேன். சரக்குன்னு ஒரு கீறல் சத்தம். அவர் பெத்த பிள்ளையை நான் அறைஞ்ச மாதிரி என்னைப் பார்த்தார்.

“எந்த வேகத்துல போட்டீங்க?”

“நாப்பத்தஞ்சுலதான். ஏழு இஞ்ச் தட்டை வேற எதுல போடுவாங்க? லேபிள்ல நீங்க ஒண்ணும் எழுதலையே.”

எழுதலை. எழுதாத மகராசி நான்தான். மணி அப்போ ரெண்டேகால், வெள்ளிக்கிழமை. நாலு மணிக்கு இந்தத் தட்டு ரேடியோவுல வரப்போகுது. அதைக் கேட்கிறதுக்காக எங்க அக்கா, எந்த ஆளுக்குப் பயந்து குரலை மறைச்சாளோ, அந்த ஆளுக்குப் பக்கத்துலயே ரேடியோவை வச்சுக்கிட்டு உட்காரப் போறா.

இது என்ன கூத்துன்னு முதல்ல இருந்து சொல்லிடறேன்.

நாங்க மூணு பேர் சேர்ந்து ஒரு பேண்டு. நான் டிரம்ஸ். பகல்ல அச்சகத்துல வேலை. பேண்டுல எனக்குப் பேரு குக்கர். எப்போ விசில் அடிப்பேன்னு யாருக்கும் தெரியாதாம். கிட்டார் வாசிக்கிறவன் ஆமை. லாண்டரி வேன் ஓட்டுறான், ஹோட்டல் ஹோட்டலா அழுக்குத் துணி மூட்டை அள்ளுற வண்டி. பாடுறவர் வாத்தியார். நிஜமாவே வாத்தியார்தான், மழலையர் பள்ளியில. வாரம் பூரா குழந்தைகளுக்கு மூக்குத் துடைச்சு விடுவார், ஞாயித்துக்கிழமை மைக்கைப் பிடிச்சா தொண்டை கிழிய அலறுவார். பேஸ் கிட்டாரும் அவர்தான்.

எங்களது ஹார்ட்கோர் பங்க்கும் மெட்டலும் கலந்த சத்தம்னு போஸ்டர்ல போடுவாங்க. நாங்க ஒண்ணும் உட்கார்ந்து யோசிச்சுக் கலக்கல. நான் பங்க். ஒரு பாட்டு ஒன்றரை நிமிஷத்தைத் தாண்டினா எனக்கு எரிச்சல் வந்துடும். ஆமை மெட்டல். அவனுக்கு ஒவ்வொரு அடியும் பாறாங்கல் உருட்டுற மாதிரி நிதானமா, கனமா விழணும். அவன் ஒரு பக்கம் இழுக்க, நான் ஒரு பக்கம் இழுக்க, நடுவுல வாத்தியார் அலற, அதுதான் எங்க இசை. மேடையிலயே சண்டை போட்டிருக்கோம். ஒரு தடவை நான் குச்சியை விட்டெறிஞ்சேன், அவன் காதுல பட்டுச்சு. கூட்டம் அதுவும் பாட்டுல ஒரு பகுதின்னு நினைச்சுக் கைதட்டுச்சு.

இது எங்க முதல் ரெக்கார்டு. முன்னூறு தட்டு. ஏழு இஞ்ச் தட்டு பொதுவா நிமிஷத்துக்கு நாப்பத்தஞ்சு சுத்து சுத்தும். பக்கத்துக்கு ரெண்டு பாட்டுக்கு மேல கொள்ளாது. எங்களுக்கு ஆறு பாட்டு திணிக்கணும், அதனால மெதுவா ஓடுற மாதிரி முப்பத்திமூணுல பதிக்கச் சொன்னோம். அதை லேபிள்ல எழுதணும். எழுதலைன்னா வாங்குறவன் சின்னத் தட்டாச்சேன்னு நாப்பத்தஞ்சுலதான் போடுவான். வேகம் தப்புன்னு எங்க பாட்டுல தெரியவும் தெரியாது. இவனுங்க இப்படித்தான் போலன்னு கேட்டுட்டுப் போயிடுவான்.

ரெண்டாவது பக்கத்தோட முதல் பாட்டு ஆரம்பிக்கிறது அக்கா பேச்சுலதான்.

அக்கா ஊருக்கு வெளிய ஒரு கோல்டு ஸ்டோரேஜ்ல செக்கர். பெட்டி எண்ணுற வேலை. எனக்கு அம்மாவும் அவதான், அப்பாவும் அவதான். எங்களுக்கு வேற நாதி கிடையாது. போன வருஷம் அவ வேலை பார்க்கிற இடத்துல ரெண்டாம் ரூம்ல, குளிர வைக்கிற அமோனியா வாயு கசிஞ்சு, சுமை தூக்குற ரெண்டு பேர் செத்துட்டாங்க. பின்கதவு திறந்திருந்தா பிழைச்சிருப்பாங்க. அது பூட்டியிருந்துச்சு. பெட்டி திருட்டுப் போகுதுன்னு மேனேஜர் அன்னைக்குக் காலையில சாவியை வாங்கிப் பூட்டினார். சாவி ரிஜிஸ்டர்ல கையெழுத்தும் போட்டார். சாயங்காலம் அந்தப் பக்கம் ரிஜிஸ்டர்ல இல்ல. கதவு திறந்துதான் இருந்துச்சு, பயத்துல அவங்களுக்கு வழி தெரியலைன்னு ஒரு பேப்பர் எழுதி, அஞ்சு பேர்கிட்ட கையெழுத்து வாங்கினாங்க. அதுல ஒரு கையெழுத்து அக்காவோடது.

மேனேஜர் அவளை மிரட்டவே இல்லை. அதுதான் பயங்கரம். “உன் தங்கச்சி தினமும் தனியாத்தான் வேலைக்குப் போய்ட்டு வர்றாளாம்மா? காலம் கெட்டுக் கிடக்கு, ஜாக்கிரதையா இருக்கச் சொல்லு”ன்னு, அக்கறையா, வெண்ணெயில கத்தி இறங்குற மாதிரி சொன்னாராம். விசாரிக்க வந்த அதிகாரி மேனேஜர் ரூம்லயே, மேனேஜர் பக்கத்துலயே உட்கார்ந்து அக்காகிட்டக் கேட்டுட்டுப் போனார். யாரு வாயைத் திறப்பா?

அதுக்கப்புறம் அக்கா ஒழுங்கா சாப்பிடலை. சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே உட்கார்ந்திருப்பா. ஒரு ஞாயித்துக்கிழமை பாத்திரம் கழுவிக்கிட்டு இருக்கும்போது, சோப்பு நுரையோட கையை அப்படியே வச்சுக்கிட்டு எல்லாத்தையும் என்கிட்டச் சொன்னா. சொல்லி முடிச்சிட்டு, “இதை எங்கயாவது நாலு பேர் கேக்குற மாதிரி சொல்லணும்டி. ஆனா நான் சொன்னதா இருக்கக் கூடாது”ன்னா.

“எங்க ரெக்கார்டுல சொல்லு. உன் குரலை எவனாலயும் கண்டுபிடிக்க முடியாதபடி பண்றேன். ஒரு ஈ காக்காய்க்குக் கூடத் தெரியாது. என் தலை மேல சத்தியம்”னேன்.

பெரிய இவ மாதிரி சத்தியம் பண்ணினேன். வாத்தியாரோட மச்சானுக்கு டயர் பட்டறை இருக்கு, அங்கதான் எங்க ரெக்கார்டிங். டயர் அடுக்குக்கு நடுவுல உட்கார வச்சு அக்காவைப் பேச வச்சோம். அப்புறம் பதிவு மெஷின்ல இருக்கிற திருகைத் திருப்பி, வேகத்தைச் சரியா கால்வாசி குறைச்சேன். குரல் அப்படியே தடிச்சுப் போய், ஏதோ ஒரு ஆம்பளை கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி ஆச்சு. அக்கா கேட்டுட்டுச் சிரிச்சா. ரொம்ப மாசம் கழிச்சு அன்னைக்குத்தான் சிரிச்சா. “எனக்கு மீசை முளைச்சிருச்சுடி”ன்னா.

இப்போ கணக்கைப் பாருங்க. கால்வாசி குறைச்ச குரல். முப்பத்திமூணுல ஓட வேண்டிய தட்டு. நாப்பத்தஞ்சுக்கும் முப்பத்திமூணுக்கும் வித்தியாசம் எவ்வளவு? அதே கால்வாசிதான். நாப்பத்தஞ்சுல போட்டா நான் குறைச்சது பூரா திரும்பி வந்துடும். மீசை போயிடும். அக்கா வந்துடுவா.

அது எனக்குத் தோணவே இல்லை. லேபிள் அச்சடிக்கிற அன்னைக்கு என் மண்டையில இருந்தது ஆமை மேல கோபம் மட்டும்தான். லேபிளை நான்தான் எங்க அச்சகத்துல அடிச்சு, தட்டு அழுத்துற கம்பெனிக்கு அனுப்பினேன். ஆமை எழுதிக் கொடுத்த தாள்ல ‘வேகம் முப்பத்திமூணு’ன்னு இருந்துச்சு. அதோட விட்டானா? கீழேயே, ‘நிதானமாகக் கேட்கவும், டிரம்ஸ்காரம்மா ஓடினாலும் நீங்கள் ஓட வேண்டாம்’னு ஒரு நக்கல். எனக்கு வந்துச்சே கோபம்! அந்த ரெண்டு வரியையும் சேர்த்துத் தூக்கினேன். நக்கலை மட்டும் எடுத்திருக்கலாம். ஆத்திரத்துல வேகத்தையும் சேர்த்து எடுத்தேன். எவன் எந்த வேகத்துல வேணா கேட்டுக்கட்டும்னு எனக்கு நானே வீறாப்பா சொல்லிக்கிட்டேன்.

கடை வாசல்ல நின்னு முதல்ல அக்காவுக்குப் போன் பண்ணினேன். எடுக்கலை. எப்படி எடுப்பா? அந்த விபத்துக்கப்புறம் வாசல்லயே எல்லார் போனையும் வாங்கிப் பெட்டியில போட்டுடறாங்க. அவ காலையில சொல்லிட்டுத்தான் போனா. “நாலு மணிக்கு டீ டைம். ஃபோர்க்லிஃப்ட் அண்ணன் ரேடியோவை நான் அந்த ஸ்டேஷனுக்குத் திருப்பி வைக்கப் போறேன். அந்த நேரத்துக்கு மேனேஜர் லோடு பார்க்க வருவாரு. அந்தாள் மூஞ்சியைப் பார்க்கணும்டி. ஒரே ஒரு தடவை.” சொல்லும்போது அவ கண்ணுல ஒரு பளபளப்பு. நானும் ஈன்னு பல்லைக் காட்டிக்கிட்டு, “பார்த்துட்டு வந்து எனக்கும் நடிச்சுக் காட்டு”ன்னேன். பாவி.

கோல்டு ஸ்டோரேஜ் ஆபீஸ் நம்பருக்கு அடிச்சேன். ரெண்டாவது ரிங்லயே எடுத்தாங்க.

“சொல்லுங்க.”

மெதுவான, மரியாதையான ஆம்பளைக் குரல். மேனேஜர்தான்னு எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கல.

“யாரும்மா வேணும்?”

“ராங் நம்பர் சார்.”

“பரவாயில்லம்மா. பார்த்து அடிங்க.”

போனை வச்சேன்.

அப்புறம் ரேடியோ. அந்த நிகழ்ச்சி நடத்துறவர் எங்க பேண்டுக்கு நல்லாத் தெரிஞ்சவர்தான், நான் ஆமை மேல குச்சி எறிஞ்ச அன்னைக்கு முதல் வரிசையில நின்னவர்.

“அண்ணே, இன்னைக்கு எங்க பாட்டைப் போடாதீங்க.”

“போடாதேன்னு கெஞ்சுற முதல் பேண்டு நீங்கதாம்மா. ஏன்?”

ஏன்னு கேட்டார். சொல்லியிருக்கணும். அது எங்க அக்காவோட நிஜக் குரல். அஞ்சே வார்த்தை. ஆனா அவர் யாரு, அவர் பக்கத்துல யாரு இருக்கா, அவர் யார்கிட்டச் சொல்லுவார்? கேட்ட அடுத்த நிமிஷமே ‘அய்யோ, எந்த அக்கா?’ன்னு கேட்பாரே, அதுக்கு நான் என்ன சொல்றது? எனக்குப் பயம். அவ்வளவுதான். ஊரெல்லாம் கத்திப் பாட்டு வாசிக்கிறவ, ஒரு போன்ல அஞ்சு வார்த்தை சொல்லப் பயந்தேன்.

“சரி, போடறதுன்னா முப்பத்திமூணுல போடுங்க”ன்னு மட்டும் சொன்னேன்.

அவர் சிரிச்சார். “ஓ, இது அந்தச் சண்டையா? நாப்பத்தஞ்சுல கேட்டேன்மா, பிரமாதமா இருக்கு, உங்க வேகம்தான். ஆமை பக்கத்துல நின்னுக்கிட்டு உங்களைச் சொல்லச் சொல்றாரா?”

“எங்க தட்டுய்யா அது! சொன்ன வேகத்துல போடு!”

“சரி சரி, விசில் அடிக்காதீங்க. முப்பத்திமூணுலயே போடறேன். நானாச்சு.”

நானாச்சுன்னு சொன்னார். இருந்தாலும் நான் நம்பலை. நாப்பத்தஞ்சுல பிரமாதமா இருக்குன்னு சொன்ன மனுஷன் கடைசி நிமிஷத்துல மாத்த மாட்டார்னு என்ன நிச்சயம்? பஸ் பிடிச்சா ஒன்றரை மணி நேரம். வேற வழியில்லாம, ஒரு மாசமா முகம் கொடுத்துப் பேசாத ஆமைக்குப் போன் பண்ணினேன்.

அவன் ஒரு வார்த்தை குத்திக் காட்டலை. “எங்க நிக்கிறே?”ன்னு மட்டும் கேட்டான். அஞ்சு நிமிஷத்துல வேன் வந்துடுச்சு, பின்னாடி அழுக்குப் படுக்கை விரிப்பு மூட்டையோட. ஏறினதும் விஷயத்தைச் சொன்னேன்.

“நான் வரியை எழுதிக் கொடுத்தேனே”ன்னான்.

“எடுத்துட்டேன்.”

“ஏன்?”

“உன் மேல கோபம்.”

அவன் அதுக்கு மேல கேட்கலை. கேட்டிருந்தா தேவலை. திட்டியிருந்தா இன்னும் தேவலை.

அந்த வேனுக்கு முதலாளி வேகப்பூட்டு போட்டு வச்சிருக்கார், நாப்பதைத் தாண்டாது. எவ்வளவு மிதிச்சாலும் முள்ளு நாப்பதுல முட்டிக்கிட்டு நிக்குது. சைக்கிள்காரன் எங்களை ஓவர்டேக் பண்ணினான், சத்தியமா. “மிதிடா”ன்னேன். “தரையோட மிதிச்சுட்டேன்”னான். வேற நாளா இருந்தா உனக்கு ஏத்த வண்டிதான் கொடுத்திருக்காங்கன்னு சொல்லியிருப்பேன். அன்னைக்கு முள்ளை மட்டும் பார்த்துக்கிட்டு வந்தேன். ரெண்டு சிக்னல், ஒரு ரயில்வே கேட். கேட்ல நிக்கும்போது மணி மூணரை. சரக்கு ரயில். பெட்டி பெட்டியா, முடிவே இல்லாம போச்சு.

“முப்பத்திமூணுல போட்டுட்டார்னா ஒண்ணும் ஆகாதுல்ல?”ன்னு ஆமை கேட்டான்.

“ஆகாது.”

“இன்னைக்கு ஆகாது. ஆனா முன்னூறு தட்டு இருக்கே?”

“வாயை மூடு.”

கோல்டு ஸ்டோரேஜ் வாசலுக்கு நாங்க போய்ச் சேரும்போது நாலுக்கு ரெண்டு நிமிஷம். கம்பிக் கேட். உள்ள ஒரு முப்பது அடியில லோடு ஏத்துற மேடை. எல்லாம் தெரியுது, எல்லாம் கேட்குது, உள்ள மட்டும் போக முடியாது. வாட்ச்மேன் கையை நீட்டிக் கேட்டை மறிச்சார்.

“அவசரம்ணே. செக்கரம்மாவைப் பார்க்கணும். ஒரே நிமிஷம்.”

“ஷிஃப்ட் நேரத்துல யாரையும் கூப்பிடக் கூடாதும்மா. மேனேஜர் அங்கேயே நிக்கிறாரு, பாரு. என் வேலைக்கு உலை வைக்காதே.”

நின்னார். வெள்ளைச் சட்டை, கை மடிக்காம. மேடையில பத்துப் பேர் டீ கிளாஸோட உட்கார்ந்திருந்தாங்க. பெட்டி தூக்குற ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டுற அண்ணன், அம்பது வயசு இருக்கும், வண்டியிலயே உட்கார்ந்திருந்தார். அவரும் அந்த அஞ்சு கையெழுத்துல ஒருத்தர். அதுக்கப்புறம் மனுஷன் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கிறதில்லைன்னு அக்கா சொல்லுவா. அவரோட ரேடியோ ஒரு பெட்டி மேல இருந்துச்சு. பக்கத்துல அக்கா. கையில பெட்டிக் கணக்கு எழுதுற அட்டை. முதுகு என் பக்கம். நான் கத்தினா எல்லாரும் திரும்புவாங்க, இவ யாருன்னு மேனேஜர் கேட்பார். கத்தாம இருந்தா? கேட்டுக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

ரேடியோவுல பாட்டு ஆரம்பிச்சுது. இரைச்சல். அப்புறம் அந்தக் கிணத்து ஆம்பளை.

“ரெண்டாம் ரூம்... பின்கதவுச் சாவி... அன்னைக்குக் காலையில பதினோரு மணிக்கு ரிஜிஸ்டர்ல கையெழுத்தாகி வெளிய போச்சு...”

முப்பத்திமூணு! போட்டுட்டார், சொன்ன மாதிரியே போட்டுட்டார். ஆமை என் தோளைப் பிடிச்சு, “தப்பிச்சோம்”னான். மேடையில ஒருத்தரும் டீ குடிக்கலை. “கதவு திறந்திருந்துச்சுன்னு அஞ்சு பேர் கையெழுத்துப் போட்டோம். அது பொய்”னு அந்தத் தடிச்ச குரல் சொன்னதும், மேனேஜர் முகத்துல ஈயாடலை. அக்கா அதைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தா. அவ ஆசைப்பட்ட ஒரே ஒரு தடவை. அப்புறம் எங்க பாட்டு இடி மாதிரி இறங்கி, ஒன்றரை நிமிஷத்துல முடிஞ்சுது.

மேனேஜர் கையெழுத்துப் போட்ட அஞ்சு பேரையும் ஒவ்வொருத்தரா நோட்டம் விட்டார். எந்த ஆம்பளைன்னு தேடறார். அக்கா மேல கண் நிக்கவே இல்ல, தாண்டிப் போயிடுச்சு.

அப்போ ரேடியோக்காரர் பேசினார். குஷியா.

“இந்தப் பேண்டுல ஒரு சண்டை இருக்கு நேயர்களே, எந்த வேகம் சரின்னு. கிட்டார்காரருக்காக ஒரு தடவை மெதுவாப் போட்டாச்சு. ஆனா டிரம்ஸ்காரம்மாவுக்கு நான் ஓரவஞ்சனை பண்ணலாமா? இதோ, அதே பாட்டு, நாப்பத்தஞ்சுல!”

ரெண்டு பேருக்கும் நியாயம் பண்றாராம். நல்ல மனுஷன். நான் ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லியிருந்தா தட்டையே உடைச்சிருப்பார்.

“அக்கா, அணைச்சிடு!”ன்னு அலறினேன். அவ திரும்பி என்னைப் பார்த்தா. நான் எதுக்கு இங்க வந்தேன்னு அவளுக்குப் புரியலை. இரைச்சல் முடிஞ்சுது. மூக்கு உறிஞ்சுற சத்தம். “ரெண்டாம் ரூம் பின்கதவுச் சாவி அன்னைக்குக் காலையில பதினோரு மணிக்கு...”

அக்காவோட கையில இருந்த அட்டை கீழ விழுந்துச்சு. மேடையில ஒவ்வொரு தலையா அவ பக்கம் திரும்பிச்சு. மேனேஜர் மட்டும் ரேடியோவையே பார்த்துக்கிட்டு, கடைசி வார்த்தை வரைக்கும் பொறுமையா கேட்டார். பாட்டு இறங்கினதும் குனிஞ்சு அணைச்சார்.

“யாரும்மா இது?”

இல்லைன்னு சொல்லுடி, தெரியாதுன்னு சொல்லுடின்னு நான் மனசுக்குள்ள கெஞ்சினேன்.

“நான்தான் சார்”னா அக்கா.

அவர் தலையை ஆட்டினார், ஏதோ லீவு கேட்டதுக்குச் சம்மதிக்கிற மாதிரி. “டீ டைம் முடிஞ்சுது. எல்லாரும் வேலையைப் பாருங்க. நீ போய் ரெண்டாம் ரூம்ல இருக்கிற லோடை எண்ணிட்டு வாம்மா. தனியாப் போனா போதும்.”

நான் கேட்டைப் பிடிச்சுக் குலுக்கினேன். “அக்கா, போகாதே! வா, வந்துடு!”

அக்கா கேட்டு வரைக்கும் வந்தா. வாட்ச்மேன் தரையைப் பார்த்துக்கிட்டு நின்னார். அக்கா என்னை அறைவான்னு நினைச்சேன். கம்பி வழியா என் கையைப் பிடிச்சா. அவ கை ஐஸ்.

“இது உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“ரெண்டேகாலுக்குத்தான் தெரிஞ்சுது. லேபிள்ல வேகத்தை நான்தான் எடுத்தேன். ஆமை மேல கோபத்துல. மன்னிச்சிடுக்கா.”

“அந்த ரேடியோக்காரர்கிட்ட ஏன்டி சொல்லலை?”

“பயமா இருந்துச்சு.”

“எனக்கும்தான்டி. ஒரு வருஷமா”ன்னா.

“வேன் இருக்கு. போயிடலாம் வா.”

“இப்போ ஓடினா, பொய் சொல்லிட்டு வேலையை விட்டு ஓடிட்டான்னு எழுதுவாரு. அப்புறம் நான் சொன்னது ஒண்ணுமில்லாம போயிடும். ஷிஃப்ட் முடிய ஒன்றரை மணி நேரம்தான் இருக்கு. நீ இங்கயே நில்லு. எங்கயும் போயிடாதே.”

கையை உருவிக்கிட்டுப் போயிட்டா. நான் கத்துறேன், திரும்பிப் பார்க்கலை. விழுந்த அட்டையை எடுத்துத் தூசி தட்டினா. ரெண்டாம் ரூம் கதவு அந்த மேடையிலயே, இடது கோடியில. கனமான இரும்புக் கதவு, இழுத்து மூடறது. அவ உள்ள போனா. மேனேஜர் ரெண்டு கையையும் பாக்கெட்டுல விட்டுக்கிட்டு, அவசரமே இல்லாம, அந்தக் கதவைப் பார்த்து நடக்க ஆரம்பிச்சார்.

அப்போ ஃபோர்க்லிஃப்ட் உறுமிச்சு. அண்ணன் வண்டியைத் திருப்பினார். மேனேஜரைத் தாண்டிப் போய், முன்னாடி இருக்கிற ரெண்டு இரும்புக் கையும் ரூமுக்குள்ள, வண்டியோட உடம்பு வாசல்ல, கதவை இழுத்து மூட முடியாதபடி, பாதி உள்ளயும் பாதி வெளியேயுமா கொண்டுபோய் நிறுத்தி, இன்ஜினை அணைச்சார்.

“வண்டியை எடுப்பா”ன்னார் மேனேஜர்.

“நின்னு போச்சு சார்.”

“ஸ்டார்ட் பண்ணு.”

“ஆக மாட்டேங்குது சார். என்னன்னு தெரியலை.”

அவர் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கக் கூட இல்லை. இறங்கவும் இல்லை. ஸ்டீயரிங்கை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சிருந்தார். ஒரு வருஷம் கழிச்சு முதல் தடவையா மேனேஜர் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் ரூமுக்குள்ள பார்த்துக் குரல் கொடுத்தார்.

“செக்கரம்மா, சத்தமா எண்ணுங்க. எங்களுக்குக் கேக்கட்டும்.”

உள்ள இருந்து அக்கா எண்ண ஆரம்பிச்சா. ஒண்ணு. ரெண்டு. மூணு. மேடையில இருந்தவங்க வேலைக்குப் போகலை. மேனேஜரும் நகரலை. வாட்ச்மேன், ஆமை, நான் எல்லாரும் ஒவ்வொரு நம்பருக்கும் காதைத் தீட்டிக்கிட்டு நின்னோம். பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவுல கொஞ்சம் நேரம் ஆயிடுச்சு. அப்புறம் பதினெட்டுன்னு கேட்டுச்சு.